எழுத்து முடிந்தவர், கலியாணம் ஆகாதவர்

விமான ரிக்கற் விற்கிற தொழிலில் ரிக்கற்றை விற்பது மட்டும்தான் சுலபம். வாங்கியவரைப் போக வைப்பதுதான் தொழில். இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. பெட்டியில் நிறை கூடிவிட்டதென்று கவுண்டருக்கு முன்னால் குந்தியிருந்து, மிளகாய்த்தூள் பொதியை வெளியே எடுத்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க உள்ளாடைக்கு மேலே கருவாட்டை அடுக்கியவர்கள்தானே நீங்களும். அந்த நேரத்தில் நீங்கள் மனதுக்குள் திட்டியது என்னைப் போன்ற ஒருத்தியைத்தான். பரவாயில்லை, நானும் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

கனடாவில், டோர்செட் பார்க் பக்கம், ஒரு பக்கம் நகைக்கடையும் மறுபக்கம் கொத்துரொட்டிக் கடையும் இருக்கிற ஒரு பிளாசாவில், ட்ரவல் ஏஜென்சி ஒன்றின் முன் மேசை என்னுடையது. ஊரில் சண்டை முடிந்த அந்த வருசத்தின் தொடக்கத்தில் கொழும்புக்கு ரிக்கற் கேட்டு ஒருவரும் வரவில்லை. வந்தவர்களும் வன்னியிலிருந்து ஏதும் செய்தி வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் பதாகை பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார்கள். எங்கள் முதலாளி பரமேஸ் அண்ணை வெறும் கதிரைகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய், பிளாசாவின் மற்ற மூலையில் ஒரு பிலிப்பைன்ஸ் பலசரக்குக் கடை இருப்பதை ஒன்பது வருசம் கழித்துக் கண்டுபிடித்தார். அடுத்த நாளே எங்கள் கண்ணாடியில் 'மணிலா' என்று பெரிதாக ஒட்டினார். அந்த நாட்டுக்குள் யார் எப்படிப் போகலாம் என்று வாசித்துத் தெரிந்துகொள்ளும் வேலை, வழக்கம்போல, எனக்கு.

நான் சட்டம் படித்தது

விசா இல்லாமல் மணிலாவில் இறங்குகிற கனடாக்காரருக்கு அப்போது இருபத்தொரு நாள். அதற்குள் வெளியேறுகிற ரிக்கற்றைக் காட்டாவிட்டால் இங்கேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். ஆனால் அவருடைய மனைவி அந்த நாட்டுக்காரியாக இருந்து, வெளிநாட்டில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவளாக இருந்து, இரண்டு பேரும் ஒன்றாகப் போய் இறங்கி, கலியாணச் சான்றிதழையும் காட்டினால், ஒரு வருசத்துக்கு முத்திரை குத்துவார்கள். அப்போதும் திரும்பி வருகிற ரிக்கற் வேண்டும், தேதிதான் தள்ளிப்போகலாம். ஒன்றாக என்றால் ஒன்றாகத்தான். மனைவி முதலில் போய் வீட்டைக் கூட்டித் துடைக்க, கணவன் ஆறுதலாக அடுத்த கிழமை வந்து இறங்குகிற கதையெல்லாம் சரிவராது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மிகவும் கவலையோடு சொன்னார்:

"அப்ப புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிக்காமல் ஒரே பிளேனிலை போய் இறங்கினால்தான் ஒரு வருசம். எங்கடை சனத்துக்கு உது கஸ்ரம் பிள்ளை."

திரும்பி வரமாட்டேன் என்றவர்

முதல் வாடிக்கையாளர் சிவம் அங்கிள். பென்சன் எடுத்தவர், முதல் மனைவி காலமாகி, பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியை இரண்டாம் தாரமாகக் கட்டியவர். மனைவி முன்னுக்கே போய்விட்டாள். இவர் பின்னால் போய் அங்கேயே இருந்துவிடப் போகிறார், ஆகவே போகிற ரிக்கற் மட்டும் போதும் என்றார். வெளியேறுகிற ரிக்கற்றும் வேண்டும் என்றேன். "நான் கனடாவுக்கு வரேக்கை திரும்பிப் போற ரிக்கற் எங்கையெண்டு ஆர் என்னட்டைக் கேட்டது?" என்று மேசையில் தட்டினார். நியாயமான கேள்விதான். எங்களில் பாதிப் பேர் வந்த விதத்துக்கு, கடவுச்சீட்டையே ஒருவரும் கண்ணால் காணவில்லை.

ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, இருபதாம் நாள் மணிலாவிலிருந்து சிங்கப்பூர் போகிற ரிக்கற் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இது காட்டுவதற்கு மட்டும், போய் இறங்கியதும் குடிவரவுக் கந்தோரில் நாளை நீட்டிவிட்டு இதை ரத்துச் செய்யுங்கோ என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் ஓம் என்றார். இருபதாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. சிங்கப்பூரிலிருந்து பேசினார்.

"ரிக்கற் எடுத்தாச்செல்லோ, வீணாப் போகப்படாதெண்டு ஏறி வந்திட்டன். இஞ்சை பாக்கிறதுக்கு என்ன பிள்ளை இருக்கு?"

எழுத்து மட்டும்

பங்குனியில் ஒரு சனிக்கிழமை குலமும் மெர்சியும் வந்தார்கள். குலம் பிளாசாவுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் குடியிருப்பவர். பாணும் கேக்கும் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. முந்தின வருசம்தான் கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. மெர்சி பிலிப்பைன்சில் இலோயிலோ என்ற ஊர்க்காரி. வோபர்ன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பராமரிக்கிறாள். அவளுடைய தமிழ் அங்கே இருக்கிற யாழ்ப்பாணத்து எண்பது வயதுக்காரர்களிடம் படித்தது. அதனால் என்னைவிடப் பத்து வயது இளையவள் என்னை, கிழவிகள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி, 'மோனை' என்றுதான் கூப்பிடுவாள்.

மெர்சியின் தாய்க்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டா என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். மருமகனை அந்தத் தாய் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. கண் மூட முதல் காட்டிவிட வேண்டும் என்பதுதான் மெர்சியின் அவசரம். அவளுக்கு மூன்று மாத லீவு. ஆடி முதற்கிழமை திரும்பி வருகிற மாதிரி இரண்டு ரிக்கற்றைப் பார்த்துவிட்டு, கலியாணச் சான்றிதழை மறக்காமல் கைப்பையில் வையுங்கோ என்றேன். குலம் கதிரையில் நெளிந்தார். "கலியாணம் இன்னும் நடக்கேல்லை அக்கா. எழுத்துத்தான் முடிஞ்சது" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதிவுத் திருமணத்தை நாங்கள் எழுத்து என்போம். அரசாங்கத்துக்கு அது கலியாணம், எங்களுக்கு அது இரண்டு கையெழுத்து. தாலி ஏறினால்தான் கலியாணம். என்னுடைய எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் ஏழு மாதம் இருந்தது. சட்டப்படி என் புருசனான மனிதரை அந்த ஏழு மாதமும் என் அப்பா முன் அறைக்கு இங்கால் விடவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, போயிட்டு வாறன் மாமா என்று எழும்பிப் போவார்.

குலத்துக்கும் மெர்சிக்கும் எழுத்து முடிந்து இரண்டு வருசம். ஒரே வீடு, ஒரே சட்டி. தாலிக்கொடிகூடப் பக்கத்து நகைக்கடையில் செய்வித்து வங்கி லொக்கரில் கிடக்கிறது. வராமல் இருந்தது குலத்தின் தாய்தான். வன்னியில் தொலைபேசி வேலை செய்த கடைசி நாளில், "நான் வராமல் தாலியைக் கட்டிப்போடாதை" என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறா. தை மாதத்துக்குப் பிறகு அவவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாவா என்றே தெரியாத ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கை உடையுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கவுண்டரில் கேட்டால் மட்டும் ஓம் என்று சொல்லுங்கோ, அது காணும் என்றேன். தலையை ஆட்டினார். மெர்சி மேசைக்கு மேலால் என் பக்கம் குனிந்தாள்.

"அவருக்குத்தான் மோனை கலியாணம் நடக்கேல்லை. எனக்கு நடந்து ரெண்டு வருசம்."

கவுண்டரில் ஒரு நேர்மை

நான் பார்த்த பயணிகளில் பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் என்னிடம்தான் ரிக்கற் எடுப்பார். சித்திரையில் இருவரும் விமான நிலையத்துக்குப் போனார்கள். திரும்பி வருகிற தேதி மூன்று மாதம் தள்ளி இருந்ததால், நீங்கள் இருவரும் கணவன் மனைவியா என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். மெர்சி சான்றிதழை எடுத்து வைத்தாள். குலம் ஆங்கிலத்தில், ஒரு சொல்லுக்கு மூன்று சொல்லாக, அது பதிவு மட்டும், கலியாணம் இன்னும் இல்லை, அம்மா அனுமதி தரவேண்டும் என்று விளங்கப்படுத்தினார். நாற்பது வயது ஆம்பிளைக்கு அம்மா அனுமதி தரவேண்டும் என்றால் எந்த வெள்ளைக்காரி நம்புவாள்? சான்றிதழே போலியோ என்று யோசித்து, மேற்பார்வைக்கார அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவ நேரே பார்த்து, இவள் உங்கள் மனைவியா, ஆம் அல்லது இல்லை என்றா. அந்த நேரம் பார்த்துக் குலத்துக்கு வன்னியில் இருக்கிற தாயின் முகம் ஞாபகம் வந்திருக்கிறது. வாயே திறக்கவில்லை.

மேற்பார்வைக்கார அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தா. இரண்டு பேரும் கலியாணம் செய்தவர்கள், என் தலை மேல் சத்தியம் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடிக்க, கவுண்டரும் மூடியாயிற்று. மெர்சி அழுதுகொண்டே தனியாக உள்ளே போனாள். குலம் ஒரு பெட்டியோடு வெளியே நின்றார். அந்த அம்மா தொலைபேசியை வைக்க முதல் எனக்குச் சொன்னது இது:

"கலியாணம் ஆகாதவர்கள் ஆனதென்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆனவர் ஆகவில்லையென்று சாதிப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

மெர்சியின் செய்தி

அடுத்த கிழமையே இருபது நாளில் திரும்பி வருகிற ரிக்கற் போட்டுத் தருகிறேன், தனியாகப் போனாலும் விடுவார்கள் என்று குலத்திடம் சொன்னேன். அம்மாவின் செய்தி தெரியாமல் அசையமாட்டேன் என்றார். அப்படியே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து எங்கள் கந்தோரில் இருந்தார். அந்த நாட்களில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாராவது எங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். எங்கள் அச்சு இயந்திரம் ரிக்கற்றைவிடப் பெயர்களைத்தான் அதிகம் அச்சடித்தது. குலம் ஒவ்வொரு தாளையும் விரல் வைத்து வாசிப்பார்.

மெர்சி இலோயிலோவிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள். தாய் ஒவ்வொரு காலையும் கதவைப் பார்த்து, உன் புருசன் எங்கே என்று கேட்கிறாவாம். இவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய் சொல்கிறாளாம். புருசனுக்கும் சேர்த்து இவளே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, பாவம். கடைசியில் ஒரு செய்தி தந்தாள்.

"புருசனா வாறதெண்டால் கெதியா வரட்டும். எழுத்தா வாறதெண்டால் வேண்டாமெண்டு சொல்லு மோனை."

புது வீட்டுக்காரர்

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்தக் கிழமை நான் ஒருவரோடும் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை. விட எனக்கு மனமும் இல்லை. முதலாளி கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரங்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தார். குலம் வழக்கமான கதிரையில் பட்டியலோடு இருந்தார். ஆறாவது தாளோ ஏழாவது தாளோ.

அப்போதுதான் ஸ்ரௌவ்வில்லில் புதிதாக வீடு வாங்கிய ஒருவர், கதவுத் திறப்புக் கோர்வையை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். மெழுகுதிரியைப் பார்த்தார், குலத்தைப் பார்த்தார், மரியாதைக்கு ஒரு நிமிடம் குரலைத் தாழ்த்தி, நெஞ்சு வேகுது என்றார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சண்டை முடிஞ்சுது தானே தங்கச்சி. மார்கழி லீவுக்கு இப்பவே போட்டு வைச்சால் கொழும்பு மலிவா வருமோ?"

கதிரையில் இருந்தவரின் தொலைபேசி

ஆனி மாதம் ஒரு மத்தியானம். குலத்தின் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தவர் எழும்பினார், பிறகு இருந்தார், பிறகு சத்தம் விட்டு விட்டு வருகிறதென்று ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினார். முகாமுக்குள் யாரோ ஒருவரின் தொலைபேசியைக் கெஞ்சி வாங்கி, ஐந்து நிமிடத்துக்குப் பேசுகிறா அவருடைய தாய். "தம்பி, நான் இருக்கிறன். காலிலை காயம், ஆறியிட்டுது. நீ சாப்பிட்டனியோ?" என்றா. பட்டினியில் கிடந்து வந்தவ, பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிற மகனைக் கேட்கிற கேள்வி அது. நான் அழுதேன். முதலாளி அச்சு இயந்திரத்துக்குள் தாள் சிக்கிவிட்ட மாதிரி குனிந்து நின்றார்.

மருமகள் எங்கே என்று தாய் கேட்டா. தாய்க்கு ஏலாமல் ஊருக்குப் போய்விட்டாள் என்றார் குலம். நீ ஏன் போகவில்லை என்றா. "நீங்கள் வராமல் கட்டவேண்டாமெண்டு சொன்னனீங்கள் தானேம்மா. கலியாணமானதோ எண்டு எயார்போட்டிலை கேட்டாங்கள். நான் இல்லையெண்டிட்டு நிண்டிட்டன்" என்றார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. தொலைபேசி கரகரவென்று இரைந்தது. தொடர்பு அறுந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். அறவில்லை.

"விசரா, நான் தாலியைத்தான் பொறுக்கச் சொன்னனான். அந்தப் பிள்ளையைத் தனிய விடச் சொன்னனானோ? இந்த முள்ளுக்கம்பியை விட்டு நான் எப்ப வெளியிலை வருவனோ தெரியாது. அங்கை ஒரு தாய் கிடக்கிறா. போய் அவவுக்கு முன்னாலை கட்டு. ரெண்டு தாயிலை ஒருத்தியாவது பாக்கட்டும்."

அதே கவுண்டர்

குலத்தை இரண்டு நாளில் அனுப்பி வைத்தேன். போகிறவர் தனி ஆள், திரும்புகிற ரிக்கற் இருபதாம் நாள், மெர்சி திரும்பி வருகிற அதே விமானத்தில். இருபத்தொரு நாளுக்குள் வந்துவிடுகிறவரிடம் கலியாணத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, நீங்களும் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னேன். ஓம் என்றார். இவருடைய ஓம் பற்றித்தான் உங்களுக்கும் தெரியுமே.

அன்று பின்னேரம் விமான நிலையத்திலிருந்து அதே மேற்பார்வைக்கார அம்மா எடுத்தா. குலம் கவுண்டருக்கு வந்ததும் கடவுச்சீட்டை வைக்க முதல் கலியாணச் சான்றிதழை விரித்து வைத்திருக்கிறார். அதற்கு மேல் மெர்சியின் படம். அதற்கு மேல் சிவப்புப் பெட்டியில் தாலிக்கொடி. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இவர் நகை விற்க வந்தவரென்று எட்டிப் பார்த்தார்களாம். ஏற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். ஏற்றிவிட்டோம் என்றா.

"இன்றைக்கு நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர்தான் மனைவி, மனைவி என்று மூன்று தரம் சொன்னார்."

இரண்டு பேருக்கும்

போய் இறங்கிய மறுநாளே தாலி கட்டினார். ஐயரும் இல்லை, மேளமும் இல்லை. மெர்சியின் தாயைக் கட்டிலில் சாய்த்து இருத்தி, ஒரு கிண்ணத்தில் அரிசியைக் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்று மெர்சியே காட்டிக் கொடுத்திருக்கிறாள். வலக்கை வராது என்பதால் அந்தத் தாய் இடக்கையால் அள்ளிப் போட்டா. பாதி அரிசி மருமகனின் காதுக்குள் போனதாம். பிறகு அந்த ஊர் வழக்கப்படி குலம் அவவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அதற்கு ஒன்பதாம் நாள் அவ போய்ச் சேர்ந்துவிட்டா. சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் குலம் முன்னுக்கு நின்றார். சித்திரையில் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் கூட இருந்திருக்கலாம் என்று அவரே என்னிடம் சொன்னார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அது உண்மைதான்.

திரும்பி வந்த கிழமை இருவரும் காய்ந்த மாம்பழப் பைக்கற்றுகளோடு கந்தோருக்கு வந்தார்கள். குலத்தின் தாய் இன்னும் முகாமில்தான். தாலி கட்டிய படத்தை அங்கே எப்படிச் சேர்ப்பிக்கலாம் என்று குலம் முதலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். மெர்சி என் முன்னால் வந்து இருந்து, சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து கொடியை வெளியே எடுத்து மேசையில் வைக்கிற மாதிரிக் காட்டினாள்.

"இப்ப ரெண்டு பேருக்கும் கலியாணம் நடந்திட்டுது மோனை."

பிலிப்பைன்ஸ் மனைவியோடு போகிற வெளிநாட்டுக் கணவருக்கு வேண்டியவை கடவுச்சீட்டு, திரும்பி வருகிற ரிக்கற், கலியாணச் சான்றிதழ் என்று எங்கள் கண்ணாடியில் இன்னமும் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நான்காவதாக, கேட்டால் ஓம் என்று சொல்வதற்குத் தாயாரின் உத்தரவு என்று நான் பேனையால் எழுதி வைத்ததை முதலாளி இதுவரை கவனிக்கவில்லை.